வீட்டில் எஃப்5 அழுத்தினால் ஓடுகிறது, பள்ளிக் கணினியில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’: விஎஸ்ஐஎக்ஸ் பொதியில் என்ன தவறு?

செம்பனைக்காடு (கேள்வி)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில், தோட்டத்துப் பெரியவர்கள் பேசியதைப் பிள்ளைகள் தட்டச்சு செய்து ஆண்டு மலருக்குத் தொகுக்கிறார்கள். ஊர்ப்பெயர் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது: தைப்பிங், டைப்பிங், தாய்ப்பிங், கோலகங்சார், கோலாகங்சார், குவாலா கங்சார். இவற்றைக் கண்டுபிடித்து ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவர விஎஸ் கோட் எடிட்டருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் (துணை நிரல்) எழுதியிருக்கிறேன். பெரியவர் பழைய பெயரைச் சொல்லியிருந்தால் அதில் கை வைக்காது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது, தெலுக் ஆன்சன் 1982-இல்தான் தெலுக் இந்தான் ஆனது. ஆகவே பழையதும் புதியதும் பட்டியலில் தனித்தனி வரிகள். பட்டியல் ஒரு சிஎஸ்வி ஃபைல்.

எழுதுவது விண்டோஸ் 11 மடிக்கணினியில், இன்றைய விஎஸ் கோடில். எஃப்5 அழுத்திச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது.

பள்ளியில் 12 கணினிகள். எல்லாம் விண்டோஸ் 7, விஎஸ் கோட் 1.70.3. இணையம் கிடையாது, பென்டிரைவில் கொண்டுபோய்த்தான் போட வேண்டும். இதுவரை நடந்தது:

முதலில் எஞ்சின்ஸ் (எந்த விஎஸ் கோட் பதிப்பு முதல் ஓடும் என்று சொல்லும் வரி) ‘^1.90.0’ என்று இருந்தது. பள்ளிக் கணினி “இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது” என்று மறுத்துவிட்டது. ‘^1.70.0’ என்று இறக்கினேன். உடனே பொதி கட்டும் கருவியான விஎஸ்சிஇ, டைப்ஸ்/விஎஸ்கோட் (விஎஸ் கோடின் டைப் வரையறைகள்) பதிப்பு எஞ்சின்ஸைவிட அதிகம் என்று நின்றது. அதையும் 1.70.0-க்கு இறக்கினேன். விஎஸ்ஐஎக்ஸ் பொதி (எக்ஸ்டென்ஷனை நிறுவும் ஃபைல்) உருவானது, பள்ளியிலும் ஏறியது.

இப்போது 9 கணினிகளில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தினால் “தமிழ்: ஊர்ப்பெயர் சரிபார்” தெரிகிறது. தேர்ந்தெடுத்தால் ‘கமாண்ட் ஊர்ப்பெயர்.சரிபார் நாட் ஃபவுண்ட்’. மற்ற 3 கணினிகளில் அந்தக் கட்டளை பட்டியலிலேயே இல்லை.

எக்ஸ்டென்ஷனின் விவரங்களைச் சொல்லும் பேக்கேஜ்.ஜேசனில் ஆக்டிவேஷன்இவென்ட்ஸ் (எப்போது எழுப்ப வேண்டும் என்ற பட்டியல்) வெற்று அடைப்பு, அதாவது [] மட்டும். முன்பு அதில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே கோடு போட்டு, “இதை எடுத்துவிடலாம், தானாகவே உருவாகும்” என்று எடிட்டரே சொன்னது, எடுத்துவிட்டேன். மெயின் ‘./அவுட்/எக்ஸ்டென்ஷன்.ஜேஎஸ்’. எங்கே பார்ப்பது?

பால்வெட்டு

எடுத்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போடுங்கள். 9 கணினிகளின் சிக்கல் அதுதான்.

விஎஸ் கோட் ஓர் எக்ஸ்டென்ஷனை இரண்டு கட்டமாக ஏற்றுகிறது. முதல் கட்டத்தில் பேக்கேஜ்.ஜேசனை மட்டும் படிக்கும். கான்ட்ரிபியூட்ஸ் பகுதியில் உள்ள கட்டளைத் தலைப்பைப் பட்டியலில் காட்ட அது போதும், உங்கள் நிரலில் ஒரு வரிகூட அப்போது ஓடியிருக்காது. இரண்டாவது கட்டம், ஆக்டிவேஷன்இவென்ட்ஸில் சொன்ன நிகழ்வு நடக்கும்போது மெயின் ஃபைலை ஏற்றி ஆக்டிவேட் செயற்கூற்றை ஓட்டுவது. அதற்குள் ரெஜிஸ்டர்கமாண்ட் ஓடினால்தான் கட்டளை உண்மையில் பிறக்கும். தலைப்பு தெரிந்து, அழுத்தினால் ‘நாட் ஃபவுண்ட்’ வந்தால், முதல் கட்டம் நடந்திருக்கிறது, இரண்டாவது நடக்கவில்லை.

கான்ட்ரிபியூட்ஸில் அறிவித்த கட்டளைக்கு ஆன்கமாண்ட் நிகழ்வைத் தானாக உருவாக்கிக்கொள்ளும் வசதி 1.74-இல், 2022 நவம்பர் பதிப்பில், வந்தது. எடிட்டர் உங்களுக்குச் சொன்னது எஞ்சின்ஸ் 1.90 என்று இருந்தவரை சரியான அறிவுரை. 1.70.3-க்கு அந்த வசதி தெரியாது. வெற்றுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதை எப்போதும் எழுப்ப வேண்டாம்” என்று எடுத்துக்கொள்ளும்.

விஎஸ்சிஇ ஏன் எச்சரிக்கவில்லை என்று தோன்றும். எஞ்சின்ஸ் 1.74-க்குக் கீழே இருந்து, மெயின் இருந்து, ஆக்டிவேஷன்இவென்ட்ஸ் என்ற பெயரே இல்லாவிட்டால் அது பிழை சொல்லி நிறுத்தும். வெற்று அடைப்பு இருந்தால் “இருக்கிறது” என்று கடந்துபோய்விடும். புது எக்ஸ்டென்ஷனைத் தொடங்கித் தரும் ‘யோ கோட்’ கருவியின் வார்ப்புரு அந்த வெற்று அடைப்பைத்தான் எழுதிக் கொடுக்கிறது.

ஆக:

ஆக்டிவேஷன்இவென்ட்ஸ்: [“ஆன்கமாண்ட்:ஊர்ப்பெயர்.சரிபார்”]

மூன்று இடத்தில் ஒரே பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்: இந்த வரி, கான்ட்ரிபியூட்ஸில் உள்ள கமாண்ட், நிரலில் உள்ள ரெஜிஸ்டர்கமாண்ட். ஒன்றில் ஓர் எழுத்து பிசகினாலும் இதே பிழைதான் வரும்.

நட்சத்திரக் குறி * போட்டாலும் எழும்பும். ஆனால் அப்படிப் போட்டால் எடிட்டர் திறக்கும்போதெல்லாம் ஏறும், பழைய விண்டோஸ் 7 கணினியில் அந்தச் சுமை தேவையில்லை.

இதைச் சரிசெய்த பிறகு அடுத்த பிழை வர வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உங்கள் மெயின் ஃபைல் அந்தக் கணினிகளில் இதுவரை ஒருமுறைகூட ஓடவில்லை. கட்டளை அட்டவணையில் “டெவலப்பர்: ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்” திறந்து பாருங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன் அங்கே இல்லையென்றால் எழுப்பப்படவே இல்லை. பிழைக் குறியோடு இருந்தால் எழும்பி விழுந்திருக்கிறது. விழுந்த காரணம் அவுட்புட் பலகத்தில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் லாக்கில் முழுதாக இருக்கும். அதை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

லயத்துவிளக்கு

அந்த 3 கணினிகள் வேறு கதை. தலைப்பே தெரியவில்லை என்றால் முதல் கட்டமே நடக்கவில்லை. இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, எந்த விண்டோஸ் கணக்கில் போட்டீர்கள்? விஎஸ்ஐஎக்ஸ் கணினி முழுவதற்கும் ஏறுவதில்லை. போட்டவருடைய பயனர் ஃபோல்டரில் .விஎஸ்கோட்\எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதற்குள் போய் உட்காரும். ஆசிரியர் கணக்கில் போட்டுவிட்டு மாணவர் கணக்கில் திறந்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. மாணவர் கணக்கில் எக்ஸ்டென்ஷன்ஸ் பலகத்தைத் திறந்து ‘@இன்ஸ்டால்டு’ என்று தேடுங்கள், பட்டியலில் இல்லையென்றால் இதுதான்.

இரண்டு, பட்டியலில் இருந்தும் மங்கலாக இருந்தால், திறந்திருக்கும் ஃபோல்டர் நம்பிக்கை பெறாதது. 1.57 முதல் விஎஸ் கோட் புது ஃபோல்டரைத் திறக்கும்போது “இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா” என்று கேட்கும். பிள்ளைகள் பென்டிரைவிலிருந்து ஃபோல்டரைத் திறந்து “இல்லை” என்று அழுத்தியிருப்பார்கள். கீழே இடது மூலையில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்று தெரியும். மெயின் உள்ள எக்ஸ்டென்ஷன், தன் நிலையை அறிவிக்காவிட்டால், அந்த நிலையில் அணைந்தே இருக்கும்.

உங்கள் எக்ஸ்டென்ஷன் எழுத்தை மட்டும் படிக்கிறது. திறந்த ஃபோல்டரிலிருந்து எந்த நிரலையும் ஓட்டவில்லை, அங்கிருக்கும் அமைப்புகளைப் படித்து எதையும் இயக்கவில்லை. அப்படியானால் பேக்கேஜ்.ஜேசனில் கேபபிலிட்டீஸ் என்பதற்குள் அன்ட்ரஸ்டட்வொர்க்ஸ்பேசஸ், அதற்குள் சப்போர்ட்டட்: ட்ரூ என்று அறிவிக்கலாம். பின்னாளில் ஃபோல்டரில் கிடக்கும் எதையாவது இயக்கும் வசதி சேர்த்தால் இந்த அறிவிப்பைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கண்ட பென்டிரைவையும் செருகும் இடம் அது.

கணக்குச் சிக்கலுக்கு 12 கணினியிலும் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டாம். 1.70.3-இன் ஜிப் வடிவத்தை இறக்கி, விரித்து, கோட்.இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் ‘டேட்டா’ என்று ஒரு வெற்று ஃபோல்டர் உருவாக்குங்கள். அதன்பின் எக்ஸ்டென்ஷன்களும் அமைப்புகளும் டேட்டாவுக்குள்ளேயே தங்கும். ஒரு கணினியில் சரிபார்த்து, முழு ஃபோல்டரையும் மற்றவற்றில் நகலெடுத்தால் போதும். ஒன்று கவனிக்க: எல்லாக் கணக்கும் அந்த ஃபோல்டரில் எழுத முடிய வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் மாணவர் கணக்குக்கு எழுத அனுமதி இருக்காது.

செம்பனைக்காடு

இருவருக்கும் நன்றி. 3 கணினிகளில் 2 கணக்குச் சிக்கல், 1 ரெஸ்ட்ரிக்டட் மோட். ஜிப் வடிவத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஆன்கமாண்ட் சேர்த்த பிறகு எக்ஸ்டென்ஷன் எழும்புகிறது, உடனே விழுகிறது. லாக்கில்: ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல் சிஎஸ்வி-பார்ஸ்’. சிஎஸ்வியைப் படிக்க நான் பயன்படுத்தும் மாட்யூல் அது. நிறுவியவை இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் அது இருக்கிறதே?

பொதியில் சேர்க்க வேண்டாதவற்றைச் சொல்லும் .விஎஸ்கோட்இக்னோரில் இருப்பது: எஸ்ஆர்சி/, டெஸ்ட்/, **/*.மேப், **/*.சிஎஸ்வி. கடைசி வரி, சோதனைக்கு வைத்திருந்த மாதிரிகள் பொதிக்குள் போகாமல் இருக்க.

பால்வெட்டு

உங்கள் மடிக்கணினியின் நோட்_மாட்யூல்ஸில் இருக்கிறது. பொதியில் இல்லை. எஃப்5 சோதிப்பது உங்கள் வேலை ஃபோல்டரை, பொதியை அல்ல. அந்த ஃபோல்டரில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கே எதுவும் விழாது.

பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து பாருங்கள், சிஎஸ்வி-பார்ஸ் டெவ்டிபெண்டன்சீஸில் (எழுதும்போது மட்டும் தேவையானவை) இருக்கும். விஎஸ்சிஇ பொதி கட்டும்போது டிபெண்டன்சீஸில் உள்ளவற்றையும் அவற்றுக்குத் தேவையானவற்றையும் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், டெவ் பகுதியை விட்டுவிடும். ‘என்பிஎம் இன்ஸ்டால் --சேவ்-ப்ராட் சிஎஸ்வி-பார்ஸ்’ கொடுத்தால் இடம் மாறிவிடும். அதோடு நிறுத்தினாலும் வேலை நடக்கும்.

ஆனால் அடுத்த பிழை உங்கள் இக்னோர் ஃபைலிலேயே உட்கார்ந்திருக்கிறது. **/*.சிஎஸ்வி என்ற வரி சோதனை மாதிரிகளோடு சேர்த்து ஊர்ப்பெயர்ப் பட்டியலையும் வெளியே தள்ளிவிட்டது. மாட்யூல் கிடைத்ததும் ‘இனோஎன்ட்’ (ஃபைல் இல்லை) என்று விழும். அந்த வரியின் கீழே !டேட்டா/ஊர்ப்பெயர்.சிஎஸ்வி என்று எழுதுங்கள், ஆச்சரியக்குறி விலக்கியதைத் திரும்பச் சேர்க்கும். டெஸ்ட்/ ஏற்கெனவே இருப்பதால், மாதிரிகள் அங்கே மட்டும்தான் என்றால் சிஎஸ்வி வரியையே அழித்துவிடுவது இன்னும் நல்லது.

பள்ளிக்கு வண்டி எடுக்கும் முன் இரண்டு பார்வை. ‘விஎஸ்சிஇ எல்எஸ்’ என்ற கட்டளை, பொதிக்குள் போகப்போகும் ஒவ்வொரு ஃபைலையும் பட்டியலிடும். அதில் பட்டியல் ஃபைல், மெயின் ஃபைல் இரண்டையும் கண்ணால் தேடுங்கள். பிறகு கட்டி முடித்த விஎஸ்ஐஎக்ஸை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை .ஜிப் என்று மாற்றித் திறங்கள். விஎஸ்ஐஎக்ஸ் என்பது ஜிப்தான். உள்ளே ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற ஃபோல்டர் இருக்கும், பள்ளிக் கணினிக்குப் போவது அது மட்டுமே. அதில் இல்லாத எதையும் உங்கள் நிரல் அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஈயவயல்

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரே ஃபைலாகக் கட்டிவிடுங்கள். நோட்_மாட்யூல்ஸே பொதிக்குள் வேண்டியதில்லை. இஎஸ்பில்ட் என்ற கருவி இதைச் செய்யும்:

இஎஸ்பில்ட் எஸ்ஆர்சி/எக்ஸ்டென்ஷன்.டிஎஸ் --பண்டில் --அவுட்ஃபைல்=டிஸ்ட்/எக்ஸ்டென்ஷன்.ஜேஎஸ் --எக்ஸ்டெர்னல்:விஎஸ்கோட் --ஃபார்மட்=சிஜேஎஸ் --பிளாட்ஃபார்ம்=நோட் --டார்கெட்=நோட்16

இதை ஸ்கிரிப்ட்ஸில் ‘விஎஸ்கோட்:ப்ரீபப்ளிஷ்’ என்ற பெயரில் வைத்தால் விஎஸ்சிஇ பேக்கேஜ் கொடுக்கும்போதெல்லாம் தானாக ஓடும். மெயினை ‘./டிஸ்ட்/எக்ஸ்டென்ஷன்.ஜேஎஸ்’ என்று மாற்றுங்கள். இக்னோரில் நோட்_மாட்யூல்ஸ்/, அவுட்/ சேருங்கள். மெயினை மாற்ற மறந்து அவுட்டை மட்டும் விலக்கினால் மறுபடியும் ஆரம்பத்துக்கே வருவீர்கள்.

எக்ஸ்டெர்னல்:விஎஸ்கோட் எதற்கு என்றால், ‘விஎஸ்கோட்’ என்ற மாட்யூல் என்பிஎம் வழியாக உங்கள் ஃபோல்டரில் வந்து உட்காரும் பொருள் அல்ல, ஓடும் நேரத்தில் எடிட்டர் கொடுப்பது. நீங்கள் நிறுவியது அதன் டைப்ஸ் மட்டும். அதை விலக்காவிட்டால் இஎஸ்பில்ட் “கண்டுபிடிக்க முடியவில்லை” என்று அங்கேயே நிற்கும்.

டார்கெட்=நோட்16 என்று போட்டதன் காரணம், 1.70-இன் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் (எக்ஸ்டென்ஷன்களை ஓட்டும் பகுதி) நோட்.ஜேஎஸ் 16 வரிசையில் ஓடுகிறது. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டார்கெட் என்பது புதிய இலக்கணத்தை மட்டுமே பழையதாக மாற்றித் தரும். புதிய செயற்கூறுகளைக் கொண்டுவந்து சேர்க்காது. பட்டியலை அகரவரிசைப்படுத்த .டூசார்ட்டட்() எழுதியிருந்தால் கட்டும்போது எந்தப் பிழையும் வராது, பள்ளியில் ‘இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று விழும். நகலெடுத்து .சார்ட்() போடுங்கள். நேரடியாக அழைக்கும் ஃபெட்ச்சும் அங்கே கிடையாது. டிஎஸ்கான்ஃபிக்கில் லிப் என்பதை இஎஸ்2021-க்கு இறக்கினால் டூசார்ட்டட் போன்றவற்றை டைப்ஸ்கிரிப்ட் சிவப்புக் கோடு போட்டு முன்கூட்டியே காட்டும். ஆனால் இஎஸ்பில்ட் டைப் சரிபார்க்காது, ஆகவே ‘டிஎஸ்சி --நோஎமிட்’டையும் ப்ரீபப்ளிஷில் முதலில் ஓட்டுங்கள்.

இன்னொன்று, பட்டியலை எந்தப் பாதையில் திறக்கிறீர்கள்? __டிர்நேமிலிருந்து (ஓடும் ஃபைல் இருக்கும் ஃபோல்டர்) படியேறிப் போகிறீர்களென்றால் ஒரே ஃபைலாகக் கட்டியதும் கணக்கு மாறும்.

செம்பனைக்காடு

ஆமாம், எஸ்ஆர்சி/யூட்டில்/பட்டியல்.டிஎஸ் உள்ளே: பாத்.ஜாயின்(__டிர்நேம், ‘..’, ‘..’, ‘டேட்டா’, ‘ஊர்ப்பெயர்.சிஎஸ்வி’). டூசார்ட்டட்டும் ஓரிடத்தில் இருந்தது, எடுத்துவிட்டேன்.

ஈயவயல்

அதுதான். முன்பு அந்த நிரல் அவுட்/யூட்டில்/ என்ற இடத்தில் ஓடியது, இரண்டு படி ஏறினால் எக்ஸ்டென்ஷனின் வேர் ஃபோல்டர். கட்டிய பிறகு டிஸ்ட்/ என்பதற்குள் ஓடுகிறது. இரண்டு படி ஏறினால் வேரையும் தாண்டி வெளியே, எக்ஸ்டென்ஷன்ஸ்\டேட்டா என்று இல்லாத ஃபோல்டரில் போய்த் தேடும். ‘..’ ஒன்றைக் குறைத்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஃபைலை இடம் மாற்றினால் மறுபடி உடையும்.

படி எண்ணுவதையே விட்டுவிடுங்கள். ஆக்டிவேட் செயற்கூற்றுக்கு வரும் கான்டெக்ஸ்டில் ஆஸ்அப்சொல்யூட்பாத் இருக்கிறது:

கான்டெக்ஸ்ட்.ஆஸ்அப்சொல்யூட்பாத்(பாத்.ஜாயின்(‘டேட்டா’, ‘ஊர்ப்பெயர்.சிஎஸ்வி’))

எந்த ஃபைலிலிருந்து அழைத்தாலும் எக்ஸ்டென்ஷனின் வேரிலிருந்தே எண்ணும். பாதையை ஆக்டிவேட்டில் ஒருமுறை கணக்கிட்டு பட்டியல்.டிஎஸ்-க்கு மதிப்பாக அனுப்புங்கள்.

கித்தாமரம்

பொதிக்கு வெளியே ஒரு விஷயம். ஏறியதும் இதில்தான் நிற்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயரைத் தேடும் ரெகெக்ஸில் (தேடல் வடிவத்தில்) \பி என்ற சொல் எல்லைக் குறியை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டும்தான் எல்லை பார்க்கும். இடைவெளிக்கும் ‘கி’க்கும் நடுவே அதன் கணக்கில் எல்லையே இல்லை. \பிகிள்ளான்\பி எந்தத் தமிழ் வரியிலும் பொருந்தாது. முன்பக்கத்துக்கு, “இதற்கு முன் எழுத்தோ சார்பெழுத்துக் குறியோ இல்லை” என்று சொல்லும் பின்னோக்குச் சோதனையை யூ கொடியோடு எழுதுங்கள்.

பின்பக்கத்தில் வேற்றுமை உருபு ஒட்டும். கிள்ளான் என்பது கிள்ளானில், கிள்ளானுக்கு என்று ஆகும்போது கடைசிப் புள்ளி போய்விடுகிறது. யூனிகோடில் ‘ன்’ என்பது ‘ன’வும் புள்ளியும், ‘னி’ என்பது ‘ன’வும் இகரக் குறியும். பட்டியலில் புள்ளியோடு முடியும் பெயர்களைப் புள்ளியை நீக்கித் தேடினால் இரண்டும் அகப்படும். மாற்றும்போது அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள், உருபு அப்படியே நிற்கும்.

செம்பனைக்காடு

வீட்டில் 1.70.3 ஜிப்பைத் தனி ஃபோல்டரில் விரித்து, டேட்டா ஃபோல்டர் வைத்து, அதில் விஎஸ்ஐஎக்ஸைப் போட்டே சோதித்தேன். எழும்புகிறது, பட்டியல் திறக்கிறது, “போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் இறங்கி” என்ற வரியைத் தொடாமல் விட்டு, “தாய்ப்பிங்கில்” என்பதை “தைப்பிங்கில்” ஆக்குகிறது.

ஒரே ஒரு குழப்பம். ரெகெக்ஸைத் திருத்தி மறுபடி கட்டிப் போட்டால் பழைய நடத்தையே சில நேரம் வருகிறது.

பால்வெட்டு

பதிப்பு எண்ணை ஏற்றாமல் அதே 0.1.0-ஐத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். ஒவ்வொரு பொதிக்கும் எண்ணை ஏற்றுங்கள், ‘விஎஸ்சிஇ பேக்கேஜ் பேட்ச்’ என்று கொடுத்தால் அதுவே 0.1.1 ஆக்கிக் கட்டும். போட்ட பிறகு “டெவலப்பர்: ரீலோட் விண்டோ”, ஏனென்றால் திறந்திருக்கும் சாளரத்தில் பழைய நிரல் நினைவகத்திலேயே இருக்கும்.

12 கணினிக்கும் புதுப்பிப்பு போட பென்டிரைவில் ஒரு .பேட் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் ஃபோல்டரின் பின் என்பதற்குள் இருக்கும் கோட்.சிஎம்டிக்கு --இன்ஸ்டால்-எக்ஸ்டென்ஷன், விஎஸ்ஐஎக்ஸின் முழுப் பாதை, --ஃபோர்ஸ் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். வரியின் முன்னால் ‘கால்’ என்று எழுத மறக்காதீர்கள். கோட்.சிஎம்டியும் ஒரு பேட்ச் ஃபைல்தான். ‘கால்’ இல்லாமல் அழைத்தால் கட்டுப்பாடு திரும்பி வராது, அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எந்த வரியும் ஓடாது.